இனாம் மாடமும் ஒற்றைப் பலகையும்

முன்னொரு காலத்தில், அரசர் சிம்மகேதுவின் கொலுமண்டபத்தில் ஒரு வழக்கு பிறந்தது. அது பிறந்த வேளையில் அங்கே இருந்தவர்கள்: அரசர், அரசி கமலவல்லி, தானாதிபதி மருதவாணர், கடல் கடந்து வந்த வணிகர் பாலாதித்தர், விகடர் ஏகாம்பரர், வாயில்காப்போன் வீரணன். தாங்களும் அங்கே இருந்ததாக வேறு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பாலாதித்தர் அரசரை வணங்கி, "மன்னா, தங்கள் தானாதிபதி எனக்கு விற்ற 'மருதவாண மாடம்' அற்புதமானது. எந்தச் சரக்கு எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று கேட்ட நொடியில் காட்டிவிடுகிறது. ஒரே குறை, கயிறு சிக்கிக்கொண்டால் திறந்து பார்க்க வழியில்லை. பூட்டியிருக்கிறது" என்றார்.

விகடருக்குச் சுருக்கென்றது. அது மருதவாண மாடமே அல்ல, கேள்விமாடம். அவருடைய பாட்டனார் உமாபதியார் உண்டாக்கியது. சுவர் முழுக்கச் சிறு சிறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஓலைக்கட்டு. சிவப்புக் கயிறு ஊருக்கு, பச்சைக் கயிறு பயிருக்கு. இரண்டையும் சேர்த்து இழுத்தால் அந்த ஊரில் விளைந்த அந்தப் பயிரின் ஓலை மட்டும் முன்னே வந்து நிற்கும். உமாபதியார் அதை நாட்டுக்கே இனாமாகக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு மாடத்தின் நெற்றியிலும் தம் பெயரையும் ஒரு நிபந்தனையையும் செதுக்கிக் கொடுத்தார்.

"தானாதிபதியாரே, நெற்றிப் பலகையில் இருந்த எழுத்து எங்கே?" என்று கேட்டார் விகடர்.

"இழைத்துவிட்டேன். பார்க்க நன்றாக இல்லை."

"மூடிப் பூட்டி விற்பதென்றால் எங்கள் வீட்டில் அனுமதி ஓலை வாங்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததே!"

"இனாமாகக் கொடுத்துவிட்டு அதற்கு அனுமதி வேறா? இன்றைய வேடிக்கை இதுதானா, விகடரே?" என்று சிரித்த மருதவாணர் அரசர் பக்கம் திரும்பினார். "மன்னா, நான் உள்ளே ஒரு பலகை சேர்த்திருக்கிறேன். இனாமாகக் கிடைத்த பொருளில் ஒரு பலகை சேர்த்தவன், அதைப் பூட்டிக்கொள்ளலாம், தன் பெயர் சூட்டலாம், விலைக்கும் விற்கலாம். தாங்கள் இதையே ஆணையாக்கினால் வம்பு தீரும்."

அரசருக்குப் புது ஆணை என்றால் புதுப் பட்டு மாதிரி. உடனே போட்டுப் பார்க்க வேண்டும். "சுருக்கமாக இருக்கிறது. ஆணையாகட்டும்!" என்றார். பிறகு, "விகடரே, ஒரே பொருள் இனாமாகவும் இருக்கும், அதற்கு அனுமதியும் வேண்டும் என்கிறீர். அது எப்படி என்று நாளை உச்சிப்பொழுதுக்குள் எமக்கு விளங்க வையும். ஆனால் வாதாடக் கூடாது. வாதம் கேட்டால் எமக்குத் தூக்கம் வருகிறது. விளங்காவிட்டால் நாட்டிலுள்ள எல்லா மாடங்களிலிருந்தும் உம் பாட்டனார் பெயர் இழைக்கப்படும்" என்றார்.

விகடரைக் கழுதை என்று சொல்லலாம். அவரும் சேர்ந்து சிரிப்பார். அது அவர் தொழில். ஆனால் உமாபதியாரின் பெயர் மேல் இழைப்புளி படுவது வேறு. அவர் அளவாக வணங்கிவிட்டு, நேராகத் தச்சர் கொம்பன் பட்டறைக்குப் போனார்.

"ஆசாரி, ஒரு பலகை வேணும். பெரிய பூட்டு ஒண்ணும் வேணும்."

"எங்க மாட்டணும் சாமி?"

"கொலுமண்டபத்து வாசல்ல."

"ஐயோ, என் தலை போயிடும் சாமி!"

"ராசா ஆணைப்படி செய்யறோம், எப்படிப் போகும்? அப்படியே போனாலும் என் தலைதான். அதுக்குள்ள ஒண்ணுமில்லேன்னு தானாதிபதி ஊரெல்லாம் சொல்லிட்டாரு. நஷ்டமில்ல, வா."

மறுநாள் காலை அரசர் பரிவாரத்தோடு வந்தார். மண்டபக் கதவு பூட்டியிருந்தது. மேலே புத்தம்புதுப் பலகையில் 'ஏகாம்பர மண்டபம்' என்று எழுதியிருந்தது. வீரணன் வேலைப் பிடித்துக்கொண்டு விழித்தான். விகடர் படியில் அமர்ந்து நிதானமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"விகடரே, என்ன இது?"

"என் மண்டபம், மன்னா. உள்ளே போக விரும்பினால் விலை பேசலாம். தங்களுக்குச் சற்றுக் குறைத்துக்கொள்கிறேன்."

"உம் மண்டபமா!"

"குறையுள்ள எவரும் கட்டணமின்றி வரலாம் என்று தங்கள் முன்னோர் குடிகளுக்குக் கொடுத்தது. நானும் ஒரு குடி. எனக்கும் இனாமாகக் கிடைத்தது. ஒரு பலகை சேர்த்தேன். மற்றதெல்லாம் தங்கள் ஆணை."

அரசர் முகம் சிவந்தது. இதுதான் சமயம் என்று மருதவாணர் பாய்ந்து முன்னே வந்தார்.

"அக்கிரமம்! இனாம் என்றால் எல்லாரும் வந்து போவதற்கு இனாம்! பூட்டி வைத்துக் காசு பார்க்கவா கொடுத்தார்கள்? கொடுத்தவர் என்ன சொல்லிக் கொடுத்தாரோ அதன்படி நடக்க வேண்டாமா? பூட்டத்தான் வேண்டும் என்றால் கொடுத்தவர் வாசலில் போய் நின்று அனுமதி கேளும்!"

விகடர் வெற்றிலையை மெல்ல வாயில் போட்டுக்கொண்டார். அவர்தான் வாதாடக் கூடாதே. வெற்றிலையை மெல்ல வாயில் போட்டுக்கொண்டார்.

பல்லக்கிலிருந்து அரசியின் சிரிப்பு முதலில் கேட்டது. "தானாதிபதியாரே, இன்னொரு முறை சொல்லும். விகடருக்காக மிக நன்றாக வாதாடுகிறீர்!"

அரசருக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருதவாணர் தம் வாயைத் தாமே பொத்திக்கொண்டார்.

பாலாதித்தருக்கு மட்டும் கவலை. "விகடரே, என் கிடங்கில் மாடம் வைத்து வியாபாரம் செய்ய நான் உமக்குப் பணம் தர வேண்டுமா?"

"வேண்டாம் ஐயா. உமது கிடங்குக்கு எத்தனை மாடம் வேண்டுமானாலும் செய்துகொள்ளும், லாபம் பாரும். உள்ளே எதை மாற்றினாலும் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. மாற்றிய மாடத்தைப் பிறருக்குக் கொடுத்தாலோ விற்றாலோ, உள்ளே இருப்பதைத் திறந்து காட்டிக் கொடும். அப்போதும் அனுமதி வேண்டாம். மறைத்துப் பூட்டித்தான் விற்பேன் என்றால் எங்கள் வீட்டுக்கு வாரும். அதற்கு விலை உண்டு. மாடங்களைப் பழுதுபார்க்கும் தச்சர்கள் அதில்தான் சாப்பிடுகிறார்கள்."

"ஆக, திறந்து கொடு, அல்லது ஓலை வாங்கு" என்றார் அரசர், தாமே கண்டுபிடித்தவர் போல. "மருதவாணரே, உமக்கு எது?"

விலை கொடுக்க மருதவாணருக்கு மனம் வரவில்லை. பாலாதித்தரின் கிடங்குக்குப் போய், தாம் விற்ற மாடத்தைத் திறந்து காட்டினார். அவர் சேர்த்த பலகையில் சிறு உருளைகள் வரிசையாக இருந்தன. அவற்றால் மூன்றாவது கயிற்றையும் சேர்த்து இழுக்கலாம். விகடர் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார்.

"நல்ல வேலை, தானாதிபதியாரே. என் பாட்டனாருக்கே தோன்றாதது. இதையா ஒளித்தீர்?"

உமாபதியார் பெயரை மீண்டும் செதுக்கி, அதற்குக் கீழே மருதவாணர் பெயரையும் செதுக்கச் சொன்னவர் விகடர்தான். அரசர் தம் ஆணையைத் திரும்பப் பெற்று, தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து விகடருக்குப் போர்த்தினார்.

அன்று விகடர் அரசரின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மண்டபம் திறந்தது என்று தெற்கு வீதியில் ஒரு பேச்சு உலவுகிறது. விழவில்லை. பூட்டு கதவின் அடியில் இருந்தது. திறக்கக் குனிந்தார்.