இரண்டு சுங்கான் புகையிலை

"நாக்கு வெந்துபோச்சு சாமி. ருசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை."

வந்ததும் வராததுமாக நாச்சம்மாள் சொன்ன முதல் பேச்சு இதுதான். கும்பிடக்கூட இல்லை.

சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அறுபத்தொரு வயது. கையில் மஞ்சள் பை. மலையேறி வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை.

பையிலிருந்து அவள் எடுத்து வைத்தது ஒரு சுங்கான். மரத்தில் கடைந்த புகைக்குழாய், வாய் வைக்கும் இடம் தேய்ந்து கறுத்திருந்தது.

திண்டுக்கல் பக்கம் பீடி உண்டு, சுருட்டு உண்டு. சுங்கான் பிடிக்கிற ஆளைப் பார்ப்பது அபூர்வம். சிறுமலையில், மேல்பாறைக்கு அடியில் கொட்டகை போட்டிருந்த இந்தச் சாமி அப்படி ஒருவர். அதனால் சுங்கான் சாமி. வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்காது. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை.

கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் வருவார்கள். டிரான்ஸ்ஃபர் வேண்டுகிறவர்கள் வருவார்கள். புகை குடிக்கக் கற்றுக்கொடு என்று வந்த முதல் ஆள் நாச்சம்மாள்தான்.

"இது யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடது. ஆடியில தவறிட்டாக."

"நீங்க எதுக்குக் குடிக்கணும்?"

"அவுக குடிக்கிறப்ப ஒண்ணு வருமே சாமி. அது எனக்கு வேணும். ஒரே ஒரு தடவை."

அவள் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினாள். அடியில் கொஞ்சம் புகையிலை கிடந்தது.

அவள் புருஷன் அய்யாவு, சுருட்டுக் கம்பெனி குடோனில் இலை தரம் பிரித்தவர். தன் சுங்கானுக்கு எந்த இலையோடு எந்த இலை, கருப்பட்டித் தண்ணீர் எவ்வளவு, எத்தனை நாள் ஊறல் என்று எல்லாம் அவருடைய கைப்பக்குவம். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே போய்விட்டார்.

"ஆறு தடவைக்கு இருந்துச்சு. நாலு தடவை நானே குடிச்சுப் பாழாக்கிட்டேன். இருமலும் எரிச்சலும்தான் மிச்சம். இனி ரெண்டு தடவைக்குத்தான் காணும்."

சாமி டப்பாவை வாங்கி முகர்ந்தார். கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை.

பிறகு மூடியை அழுத்தி மூடி, அவள் பைக்குள் தானே வைத்தார்.

"நான் சொல்ற வரைக்கும் இதைத் தொடாதீங்க."

*

கீழே வாழைத்தோட்டத்தில் நாச்சம்மாளின் சித்தப்பா மகள் வீடு இருந்தது. அங்கே தங்கிக்கொண்டு தினமும் காலையில் ஏறி வந்தாள்.

சாமி தன் பையிலிருந்து சாதாரண இலையைக் கொடுத்தார்.

அவள் சுங்கானில் இலையைத் திணித்தாள். கட்டைவிரலால் அமுக்கினாள். மறுபடி திணித்தாள்.

"இது என்ன, மிளகாய்ப்பொடி டப்பாவா?" என்றார் சாமி.

ஒரு ஆணியால் எல்லாவற்றையும் நோண்டி வெளியே கொட்டினார்.

"திரும்ப."

மூன்றாம் நாள் இலை சரியாக நிறைந்தது. அடியில் தளர்வாக, மேலே போகப்போக இறுக்கமாக. சாமி தீக்குச்சியைக் கொடுத்தார்.

நாச்சம்மாள் பற்றவைத்து இழுத்தாள். விடாமல் இழுத்தாள். கங்கு சிவந்து, அரிசி ஆலை மாதிரி புகை கிளம்பிற்று. கண்ணில் நீர் கொட்டியது.

"சோறு பொங்கப் போறீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதுதான் அவள் வேலை. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் முப்பது வருஷம் சமைத்தவள். ஈர விறகு, புகை அடுப்பு, மணியடித்தால் தட்டோடு இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள்.

"அடுப்பு அணைஞ்சா பிள்ளைக பட்டினி சாமி. நெருப்பு தணியுதுன்னா எனக்கு நெஞ்சு பதறும். ஊதிப் பழகுன வாய் இது. இங்க ஊத முடியலை, அதான் இழுக்கிறேன்."

"இங்கே எத்தனை பிள்ளைக பசியோட இருக்கு?"

நாச்சம்மாள் சுற்றிலும் பார்த்தாள். பாறை. ஒரு காக்கை. சாமி.

"யாருமில்லை."

"அப்ப அணையட்டும்."

*

சொல்வது சுலபம். நெருப்பை அணைய விடுவது எத்தனை பெரிய காரியம் என்று நாச்சம்மாளிடம் கேட்க வேண்டும்.

ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். பத்து வருவதற்குள் கை தானாகச் சுங்கானைத் தூக்கும். சாமி பார்ப்பார். கை இறங்கும்.

அணைந்தால் மறுபடி பற்றவைப்பாள். அதற்குச் சாமி ஒன்றும் சொல்வதில்லை.

ஒருநாள் ஒரு கான்ட்ராக்டர் மாலையோடு வந்தார். அகலமான ஆள், வெள்ளைச் சட்டை.

"மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது சாமி. ஒரு வழி சொல்லணும்."

சாமி நாச்சம்மாளைக் காட்டினார்.

"அந்தம்மா நெருப்பை அணைய விடக் கத்துக்கிட்டிருக்காங்க. அவங்க முடிக்கட்டும், சொல்றேன்."

கான்ட்ராக்டர் அரைமணி நேரம் இருந்தார். கடிகாரத்தை ஏழு தடவை பார்த்தார். மாலையைப் பாறைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

"நான் முடிக்கவே இல்லையே சாமி," என்றாள் நாச்சம்மாள்.

"அவரும் கேக்கவே இல்லையே."

*

ஐப்பசி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.

பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்தது. மெதுவாகத்தான் வந்தது. முதலில் வாழைத்தோட்டம் மறைந்தது. அப்புறம் பாதை. அப்புறம் எதிரே இருந்த மலையையே காணோம். இத்தனை பெரிய மலை சத்தமில்லாமல் இல்லாமல் போகிறதே என்று நாச்சம்மாள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சுங்கான் நினைவே இல்லை.

நினைவு வந்தபோது கங்கு சாகக் கிடந்தது. பயம் வரவில்லை. குழந்தைக்கு வாயைத் துடைக்கிற மாதிரி ஒரு சின்ன இழுப்பு இழுத்தாள்.

வந்தது.

நூல் போல ஒரு புகை. சூடே இல்லை. நாக்கின்மேல் முதலில் வறுத்த பச்சரிசி. அது கரைந்ததும் புது வைக்கோல். அதற்கும் அடியில் ஒரு இனிப்பு, சர்க்கரையில் இல்லாத இனிப்பு, இவ்வளவு நாளும் எரிச்சலுக்குக் கீழே ஒளிந்திருந்தது. ஒரு இலைக்குள் இவ்வளவா! அவளுக்கு உடம்பு புல்லரித்தது. அசைந்தால் போய்விடும் என்று அசையாமல் இருந்தாள்.

"சாமி," என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

"ம்."

"வந்திருச்சு."

சாமி தன் சுங்கானைக் கீழே வைத்தார். தேர் வரும்போது எழுந்து நிற்பார்களே, அப்படி எழுந்து நின்றார். கை கூப்பினார்.

யாரைக் கும்பிட்டார் என்று அவள் கேட்கவில்லை. அவளும் எழுந்து கும்பிட்டாள்.

மேகம் இருவரையும் மூடிற்று.

வெகுநேரம் கழித்து நாச்சம்மாள் சொன்னாள்: "பெரிய விஷயம்தான் சாமி. ஆனா அது இது இல்லை."

"எது?"

"அவுக குடிக்கிறப்ப வர்றது."

சாமி குனிந்து தன் சுங்கானை எடுத்துக்கொண்டார்.

"இலை வேற. அதான். இனிமே அவுக இலையை எடுக்கலாமா?"

சாமி தலையை ஆட்டினார். சரி என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, மேகத்தில் தெரியவில்லை. அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள். நாம் எல்லாரும் அப்படித்தானே எடுத்துக்கொள்கிறோம்.

*

மறுநாள் காலை டப்பாவைத் திறந்தாள். பாதியை எடுத்தாள். ஒரு துணுக்குகூடக் கீழே சிந்தவில்லை.

அடியில் தளர்வாக, மேலே இறுக்கமாக. முதல் தீக்கு இலை உப்பி எழுந்தது. ஆணியின் தலையால் மெல்ல அமர்த்தினாள். இரண்டாம் தீ. சின்ன இழுப்பு. காத்திருப்பு. ஒரு குறை சொல்ல முடியாது.

ருசி வந்தது. நேற்று வந்தது ஓடை என்றால் இது வைகையில் வெள்ளம். கருப்பட்டியின் கறுப்பு, ஊறிய இலையின் புளிப்பு, மூக்கு வழியே கொஞ்சம் விட்டபோது மிளகு மாதிரி ஒரு சுள். அய்யாவு எவ்வளவு பெரிய கைகாரர் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தும் தெரியாமல் போயிற்றே.

கடைசிச் சாம்பல்வரை குடித்தாள். சுங்கானைக் கவிழ்த்தாள். அழுதாள்.

"இல்லை சாமி. இதுலயும் அது இல்லை. இது அவுக கைதான், எனக்குத் தெரியுது. ஆனா அவுக குடிக்கிறப்ப வர்றது இது இல்லை."

சாமி கையை நீட்டினார்.

"டப்பா."

நாச்சம்மாள் டப்பாவை மடியோடு சேர்த்துப் பிடித்தாள்.

"எதுக்கு?"

"நான் குடிக்க."

அவளுக்குக் கோபம் வந்தது. முதல் நாள் கண்ணை மூடி முகர்ந்தது ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை நாளும் இதற்குத்தானா இந்த ஆள் காத்திருந்தார்? சாமியார் என்று நம்பி ஏறி வந்ததற்கு அய்யாவுவின் கடைசிப் பிடியையும் தூக்கிக் கொடுக்க வேண்டுமா?

"இது போச்சுன்னா அப்புறம் ஒண்ணுமே இல்லை சாமி."

"ஆமா."

அவர் சமாதானம் சொல்லவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ. எதிர்மலையில் வெயில் ஏறி, மேற்கே சாய்ந்தது. கையை நீட்டியபடியே இருந்தார் சாமி. அந்தக் கையில் ஒரு நடுக்கமும் இல்லை. ஆசைப்பட்ட கை இவ்வளவு நேரம் சும்மா இருக்குமா என்று நாச்சம்மாளுக்கு மெல்லத் தோன்றியது.

டப்பாவைக் கொடுத்தாள். சுங்கானையும் கொடுத்தாள்.

சாமி நிறைத்தார். வாயில் வைத்தார். தீக்குச்சியைக் கிழிக்குமுன் கேட்டார்.

"வீட்டில அவர் எங்கே உக்காருவார்?"

"வாசலைப் பார்த்து, நாற்காலியில."

"நீங்க?"

"அடுப்படி நிலைகிட்ட."

"எந்தப் பக்கம்?"

"அவுகளுக்குப் பின்னால. இடது கைப்பக்கம்."

"என்ன செய்வீங்க?"

"கீரை ஆய்வேன். அரிசி புடைப்பேன். அந்த நேரத்துக்கு எந்த வேலையோ அது."

சாமி எழுந்து போய் ஒரு முருங்கைக் கொப்பை ஒடித்து வந்து அவளிடம் கொடுத்தார். பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்தார். பின்னால், இடது பக்கமாகக் கை காட்டினார்.

நாச்சம்மாள் அங்கே போய் உட்கார்ந்தாள். கீரையை உருவத் தொடங்கினாள்.

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. சாமியின் முதுகு தெரிந்தது. தோளுக்கு மேலே நீலமாகப் புகை எழும்பிற்று. காற்று அதைக் கொஞ்சம் அங்கே இங்கே அலைத்துவிட்டு இந்தப் பக்கம் கொண்டுவந்தது.

அவள் கை நின்றது.

அது வந்துவிட்டது. அதேதான். வேறொன்றில்லை. மலையில்லை, பாறையில்லை. நிலைக்கதவும் சுவரும் சாயங்கால வெயிலும் அந்த மனுஷனும் ஒன்றாக வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். மூச்சை வெளியே விட அவளுக்கு மனம் வரவில்லை. இப்படியும் நடக்குமா, கடவுளே, இப்படியும் நடக்குமா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் கீரையில் விழுந்தது.

சாமி திரும்பாமலே கேட்டார்.

"எப்படி இருக்கு?"

நாச்சம்மாள் திடுக்கிட்டாள்.

"என்ன கேட்டீங்க?"

"வாசனை எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"அவுகளும் கேப்பாக சாமி. தெனமும். இதே மாதிரி, திரும்பிக்கூடப் பாக்காம."

"நீங்க என்ன சொல்வீங்க?"

அவள் இன்னொரு ஈர்க்கை உருவினாள்.

"நாறுதுன்னு சொல்வேன்."

சாமி ஒரு சின்ன இழுப்பு இழுத்தார்.

"வம்புக்கு இழுக்குறாகன்னு நெனச்சேன். புகை அவுக வாயில. என்கிட்ட எதுக்குக் கேக்கணும்? நீங்க எதுக்குக் கேட்டீங்க?"

"எனக்குத் தெரியாதே."

"என்ன தெரியாது?"

"குடிக்கிறவனுக்கு ருசி மட்டும்தான்மா. இந்த வாசனை அவனுக்கு எட்டாது. பக்கத்தில இருக்கிறவங்களுக்குத்தான். பதினாறு வருஷமா இங்கே உக்காந்து குடிக்கிறேன். என் புகை எப்படி மணக்கும்னு எனக்குத் தெரியாது. சொல்ல ஆள் இல்லை."

நாச்சம்மாள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கங்கு அடிவரை இறங்கிவிட்டது. புகை மெலிந்துகொண்டு வந்தது. இன்னும் நாலைந்து இழுப்பு இருக்கலாம்.

முதுகு திரும்பவில்லை. பதிலுக்குக் காத்திருந்தது.

"நல்லா இருக்குங்க," என்றாள் நாச்சம்மாள்.