விருந்துக்கு மீன்

கரைக்கு நேர் எதிரே, காலையிலிருந்து பொழுது சாயும்வரை, பிரெஞ்சுக் கப்பல்களும் இங்கிலீஷ் கப்பல்களும் பீரங்கியால் அடித்துக்கொண்டன. அவர்கள் ஊரில் கடலே இல்லை போலிருக்கிறது. கடைசியில் பிரெஞ்சுக் கப்பல்கள் மூழ்கின. இனி இந்தக் கரை முழுக்கத் தங்களுடையது என்று இங்கிலீஷ்காரர்கள் கோட்டையில் மணி அடித்தார்கள்.

மறுநாள் கோட்டைச் சேவகன் மீனவக் குப்பத்துக்கு வந்தான். வெற்றி விருந்துக்கு மீன் வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் வராவிட்டால் கட்டுமரங்களைக் கொளுத்திவிடுவார்களாம்.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் செத்தவனின் உடல் கரைக்கு வராவிட்டால், கருமாதி முடியும்வரை யாரும் வலை இறக்கமாட்டார்கள். காத்தாயியின் புருஷன் செவத்தான் அந்தச் சண்டையில் செத்தான்; உடல் இன்னும் கரைக்கு வரவில்லை. வெடிமருந்துப் பீப்பாய் தூக்க அவனைப் பிடித்து இழுத்துப் போனவர்கள் இதே ஜெயித்த கப்பல்காரர்கள்தான். செத்தவன் பெயரைக்கூட அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. மீன் மட்டும் கேட்டார்கள்.

குப்பத்துத் தலைவர் மாசிலாமணி பனந்தோப்புச் சாமியாரிடம் ஓடினார். அவர் சாமியாரின் பழைய சீடர்.

"சாமி, ஊரை அடக்கிட்டேன். கோபப்படாதீங்க, வலையை எடுங்கன்னேன். எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க."

"எல்லாருமா?"

"காத்தாயி மட்டும் கட்டுமரத்து மேல ஏறி உக்காந்துட்டா. இறங்கமாட்டேங்கிறா. கோபத்தை விடுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

சாமியார் எழுந்து கரைக்கு நடந்தார்.

காத்தாயி அவரைப் பார்த்ததும் வெடித்தாள். "எம் புருஷன் கெடக்கிற தண்ணியில வலை போட்டு, அவனைக் கொன்னவங்களுக்கு மீன் புடிச்சுக் குடுக்கணுமா? இறங்குன்னு சொல்ல நீங்களும் வந்துட்டீங்களா சாமி?"

"இல்லைம்மா. கொஞ்சம் தள்ளி உக்காரு. எனக்கும் இடம் வேணும்."

அவள் தள்ளி உட்கார்ந்தாள். சாமியார் கட்டுமரத்தில் ஏறி அவள் பக்கத்தில் அமர்ந்தார்.

பின்னாலேயே வந்த மாசிலாமணி அலறினார். "சாமி! கொளுத்திடுவாங்க!"

"கொளுத்துவாங்க. அந்தப் பயத்தைப் பயம்னே அவகிட்ட சொல்லியிருக்கலாமே? சாந்தம்னு ஏன் பேர் வச்சே?"

"நீங்கதானே சாமி, கோபத்தை விடு, விடுன்னு இத்தனை வருஷமா சொன்னீங்க!"

சாமியாரின் முகம் சிவந்தது. அவர் அப்படிக் குரல் உயர்த்தி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

"உன் கோபத்தை விடச் சொன்னேன். பெண்டாட்டியை அடிக்கிற கோபம், கூலிக்காரனை ஏசுற கோபம். அதுல ஒண்ணையாவது நீ விட்டியா? இவ கோபத்தை எடுத்துக் கோட்டைக்காரனுக்கு விருந்து வைக்க நீ யாருடா?"

பொழுது சாய்ந்துவிட்டது. கோட்டைப் பக்கமிருந்து சேவகர்கள் தீப்பந்தத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். மாசிலாமணி அவர்களைப் பார்த்தார். கட்டுமரத்தைப் பார்த்தார். அதில் இன்னும் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது.