கூப்பிடு தூரம்

நாற்பத்தெட்டு நாள் வாய் திறக்காமல் இருப்பது யாருக்குமே லேசான காரியம் இல்லை. அம்பலவாணருக்கோ அது மலையைப் புரட்டுகிற வேலை. துறைமுக அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். பேச்சு என்றால் அப்படியொரு பேச்சு. அவரிடம் மணி கேட்டால், கடிகாரம் வாங்கப் போன கதையில் இருந்து ஆரம்பிப்பார் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். ஓய்வு பெற்று, மனைவியும் காலமான பிறகு, கடலோரத்து மேட்டில் இருந்த ஒரு சின்ன மடத்தில் வந்து சேர்ந்தார்.

மடத்தை நடத்தியவர் சௌந்தரநாயகி அம்மா. நாற்பது வயதுதான் இருக்கும். அறுபதைத் தாண்டிய அம்பலவாணர் ஒருநாள் அவரிடம் வந்து, மௌன விரதம் இருக்கப்போவதாகச் சொன்னார்.

"எதுக்கு?" என்றார் அம்மா.

"பேசிப் பேசியே ஆயுசு வீணாப்போச்சும்மா. ஒரு மண்டலம் சும்மா இருந்து பாக்கறேன்."

"பேசறது கெட்ட பழக்கமா?"

அம்பலவாணர் பதில் சொல்லவில்லை. அப்போதே விரதத்தைத் தொடங்கிவிட்டார்.

பத்து நாள் போனதும் மீனவர் குப்பத்து ஜனங்கள் அவருக்கு மௌனசாமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மீன் விற்கப் போகிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரைக் கும்பிட்டார்கள். அவரும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். ஆயுசு முழுக்கப் பேசியும் கிடைக்காத மரியாதை பேசாமலே கிடைத்தது. அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது நிஜம்.

நாற்பத்தோராம் நாள், மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடிந்த கொஞ்ச நேரத்தில் எங்கோ தொலைவில் கடலுக்கு அடியில் பூமி பிளந்து ஆடியிருக்கிறது. மடத்தில் ஒரு சொம்புகூட அசையவில்லை. ஒன்பது மணி வாக்கில் அம்பலவாணர் மொட்டைமாடியில் வேட்டி உலர்த்திக்கொண்டிருந்தார். தற்செயலாகக் கடலைப் பார்த்தார். அது கரையை விட்டு வெகுதூரம் உள்ளே போயிருந்தது. ஈர மணலில் மீன்கள் துள்ளின. குப்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இது என்னவென்று குப்பத்தில் யாருக்கும் தெரியாது. அம்பலவாணருக்குத் தெரியும். கடல் இப்படி உள்வாங்கினால் பனைமர உயரத்துக்குத் திரும்பி வரும், மேட்டுக்கு ஓட வேண்டும் என்று அலுவலகத்தின் பழைய கோப்பு ஒன்றில் படித்திருந்தார்.

கையைத் தூக்கி வீசினார். ஓடுங்கள், மேலே வாருங்கள் என்று வீசினார். மடத்துக்குப் பக்கமாக நின்றிருந்த குப்பத்துப் பெண் தனக்கொடி அதைப் பார்த்தாள்.

"அடியே, மௌனசாமி ஆசீர்வாதம் பண்றாரு, கும்பிடுடி" என்று தங்கச்சியிடம் சொன்னாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் நின்று கும்பிட்டார்கள்.

கூப்பிடு தூரம்தான். ஓடு என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் அவர் தொண்டை வரைக்கும் வந்தது. நாற்பத்தொரு நாள் விரதம் வீணாகிவிடுமே என்கிற நினைப்பும் கூடவே வந்தது. அவர் மறுபடியும் கையையே வீசினார், முன்னைவிடப் பலமாக. தனக்கொடி தலையை இன்னும் தாழ்த்திக் கும்பிட்டாள்.

அதன் பிறகு கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். அதற்குள் கடலின் இரைச்சல் வந்துவிட்டது. அவர் குரல் அவர் காதுக்கே கேட்கவில்லை.

தங்கச்சி ஒரு பனைமரத்தைக் கட்டிப்பிடித்துப் பிழைத்தாள். தனக்கொடி பிழைக்கவில்லை. குப்பத்தில் மொத்தம் நாற்பத்து மூன்று பேர் போனார்கள். மிஞ்சியவர்கள் மடத்தில் வந்து தங்கினார்கள்.

அம்பலவாணர் மறுபடியும் வாயை மூடிக்கொண்டார். விரதம் உடைந்தது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பிணம் தூக்கினார், கஞ்சி ஊற்றினார், யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊரே அழிந்தபோதும் வாய் திறக்காத சாமி என்று ஜனங்கள் அவரை இன்னும் உயரத்தில் தூக்கி வைத்தார்கள். அலை மறுபடி வரப்போகிறது என்று தினம் ஒரு வதந்தி கிளம்பும். உடனே நாலு பேர் அவரிடம் ஓடி வந்து, "கை காட்டுங்க சாமி" என்பார்கள். அவர் இரண்டு கைகளையும் துண்டுக்குள் சுருட்டிக்கொள்வார்.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில், விரதம் முடிகிறது என்று எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். தனக்கொடியின் புருஷன் வைரக்கண்ணு முன்னால் வந்தார். அந்த அழிவுக்கு நடுவில் எங்கே தேடிப் பிடித்தாரோ, கையில் ஒரு செவ்வந்தி மாலை வைத்திருந்தார்.

"சாமி, எம் பொஞ்சாதி கடைசியா உங்க ஆசீர்வாதத்தை வாங்கிக்கிட்டுத்தான் போயிருக்கா. மச்சினி சொல்லுச்சு. அந்த ஒரு நெனப்புலதான் எனக்குக் கஞ்சி எறங்குது."

சொல்லிவிட்டு மாலையை அவர் கழுத்தில் போட்டார். அம்பலவாணர் பதறிப்போய், வேண்டாம் என்று கையைத் தூக்கினார்.

முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் கும்பிட்டார்கள். வைரக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றார்.

அம்பலவாணர் கழுத்து மாலையோடு அடுப்படிக்கு ஓடினார். அங்கே அம்மா கஞ்சி அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றார். ஏழு நாளாகப் பேசாத தொண்டை கரகரத்தது. "நான் ஆசீர்வாதம் பண்ணலம்மா. ஓடுன்னுதான் சொன்னேன். கையால சொன்னேன். வாயால சொல்லல."

அம்மா துழாவுவதை நிறுத்தவில்லை. "ஏன்?"

"விரதம் கெட்டுடுமேன்னு."

சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு.

"எவ்வளவு நேரம் சொல்லாம இருந்தீங்க?"

"ரெண்டு தடவை கை வீசற நேரம். அப்புறம் கத்தினேன். யாருக்கும் கேக்கல."

அம்மா கஞ்சியைத் துழாவிக்கொண்டே இருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது அம்பலவாணருக்கு. மாலையைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இந்த மாலைக்கு எனக்கு யோக்கியதை இல்லம்மா. பிராயச்சித்தமா இனிமே ஆயுசுக்கும் பேசாம இருந்துடறேன்."

"அன்னிக்கும் அதைத்தானே செஞ்சீங்க?"

அவர் சுவரில் சாய்ந்தார்.

"அப்போ அவங்ககிட்ட சொல்லிடவா?"

"யார் வேண்டாம்னது?"

"வைரக்கண்ணுக்கு மிச்சம் இருக்கறது அந்த ஒரு ஆறுதல்தான். அதையும் பிடுங்கிட்டா மனுஷன் என்னத்துக்கு ஆவார்? அவருக்காகத்தான் யோசிக்கறேன்."

"அவருக்காகவா?"

அம்பலவாணர் கீழே பார்த்தார்.

"பாதி அவருக்காக. பாதி... அவர் மூஞ்சியைப் பாத்து எப்படிம்மா சொல்றது?"

"அந்தப் பக்கம் பிடிங்க" என்றார் அம்மா. அம்பலவாணர் மாலையை ஒரு ஓரமாக வைத்துவிட்டுக் கரித்துணியை எடுத்துக்கொண்டார். இரண்டு பேருமாக அண்டாவை இறக்கி வைத்தார்கள். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக முற்றத்தைக் காட்டினார். ஜனங்கள் இன்னும் கலையவில்லை. வைரக்கண்ணு மூடிய கண்ணைத் திறக்கவில்லை.

"நாளைக்கே கடல் மறுபடி உள்ளே போகுதுன்னு வைங்க. நீங்க மாடியில நின்னு கையைத் தூக்கறீங்க. வைரக்கண்ணு ஓடுவாரா, நிப்பாரா?"