காலியாக இருந்த கரண்டி

"மாஸ்டர், கையைக் கடிக்காம வீட்டிலேயே தோட்டா நிரப்பணும். முதல்ல என்ன வாங்கட்டும்?"

கேட்டவர் பரஞ்சோதி, கூட்டுறவு வங்கியின் மேலாளர், ஐம்பதைக் கடந்தவர். மகள் சுகிர்தா துப்பாக்கி சுடும் வீராங்கனை. மாநிலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைத் தோட்டா வாங்கி வாங்கியே அவர் சம்பளம் புகையாய்ப் போய்க்கொண்டிருந்தது. நிரப்புவதற்கான உரிமம் கைக்கு வந்துவிட்டது. தொடங்கும் வழிதான் தெரியவில்லை.

கேட்கப்பட்டவள் எஸ்தர், சுகிர்தாவின் பயிற்சியாளர். அவரைவிட மிக இளையவள். ஆயினும் அந்தச் சுடுதளத்தில் அவள் சொல்லுக்கு மறுசொல் இல்லை. துப்பாக்கிக் குழலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"ஒரு கதவு."

"கதவா?"

"தாழ்ப்பாளோட."

"அது வீட்டில இருக்கே!"

"அப்ப செலவு மிச்சம், சார்."

பரஞ்சோதி சிரித்துக்கொண்டே போனார்.

பழைய தராசு ஒன்றும், கையால் அழுத்தும் கருவி ஒன்றும் பாதி விலைக்குப் பிடித்தார். சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடுகளைக் கழுவிக் காயவைத்தார். புத்தகம் சொன்னபடியே வெடிமருந்தை அளந்து நிரப்பினார். சிக்கனம் ஊறிய கைக்குப் பொறுமையைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

போட்டிக்கு முந்தைய நாள், ஒரு பெட்டித் தோட்டாவோடு சுடுதளத்தில் வந்து நின்றார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. சுகிர்தா அதற்குள் சுடும் வரிசையில் குப்புறப் படுத்துவிட்டாள்.

எஸ்தர் ஒரு தோட்டாவை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

"கல்யாண வீட்டு லட்டு மாதிரி ஒரே அச்சு. நிரப்பறப்ப யாராவது பேச்சுக் கொடுத்தாங்களா?"

"யார் பேசப் போறா? சிலிண்டர்காரர் மணியடிச்சார். போய் வாங்கி வெச்சுட்டு வந்து உட்கார்ந்தேன்."

"எந்தக் கூட்டுல விட்டுட்டுப் போனீங்க?"

"கடைசி வரிசை. நடுவில ஏதோ ஒண்ணு."

"அதுல மருந்து விழுந்தாச்சா, இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அளவுக் கரண்டி காலியா இருந்தது. அதனால அள்ளிப் போட்டேன்."

"காலியா இருந்தது, போட்டுட்டதனாலயா? இன்னும் அள்ளாததனாலயா?"

பரஞ்சோதி பெட்டியைக் கீழே வைத்தார்.

"குண்டை வெச்சு அழுத்தறதுக்கு முன்னால உள்ளே எட்டிப் பார்த்தீங்களா?"

"கை வேகம் பிடிச்சிருந்தது, மாஸ்டர்."

பெட்டியைப் பார்த்துக்கொண்டே அவரே கேட்டார்:

"ரெண்டு பங்கு மருந்து விழுந்திருந்தா?"

"துப்பாக்கியே வெடிக்கும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"நிறுத்துப் பார்த்தாத் தெரிஞ்சுடாதா?"

"கூட்டுக்குக் கூடு எடை மாறும், அதுல மருந்தோட எடை மறைஞ்சுடும். தராசு பொய் சொல்லாது, சார். ஆனா நீங்க கேக்கறது அதுக்குத் தெரியாது."

"அப்படியே இருந்தாலும் ஒண்ணே ஒண்ணுதானே? மத்ததெல்லாம் நல்லது. இதையும் விட்டா இன்னிக்கு அவளுக்குப் பயிற்சியே கிடையாது. நாளைக்குப் போட்டி!"

"நியாயம். நல்லதுல ஒண்ணு எடுங்க."

பரஞ்சோதி பெட்டிக்குள் பார்த்தார். எல்லாம் ஒன்றுபோலவே மின்னின. ஒன்றைத் தொட்டார், விட்டார். வேறொன்றை எடுத்தார்.

"போய் அவ கையில குடுங்க."

நடந்தார். சில அடித் தொலைவுதான்.

சுகிர்தாவின் கன்னம் துப்பாக்கிக் கட்டையோடு ஒட்டியிருந்தது. குறியிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினாள். அப்பா கொடுப்பதைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு என்றுமே இருந்ததில்லை.

"குடுங்கப்பா. நேரமாச்சு."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

பரஞ்சோதி எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், இதையெல்லாம் பிரிச்சு மருந்தை வெளியே எடுக்கறது எப்படி?"