எழுந்து நின்று கைதட்டுங்கள்

முதுகெலும்பு ஆபரேஷனில் தனக்கு நூற்றுக்கு நூறு மார்க் என்று விருதுக்கு மனுப் போட்டிருந்தார் டாக்டர் கனகசபாபதி. விருதுக்குழு பார்க்க வரும் நாளில், ஆறு மாதம் முன்பு அவர் அறுத்த பன்னிரண்டு பேரையும் வார்டுக்கு வரவழைத்து, வலிக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள்.

ஸ்ட்ரெச்சர் தள்ளும் இருளப்பன் மேல் படிவங்களை வீசினார் டாக்டர். "வலியே இல்லைன்னு எல்லார்கிட்டயும் கைநாட்டு வாங்குடா. இல்லேன்னா வேலை போயிடும்."

வாங்கினான். விருதுக்குழு வந்து படித்துப் பூரித்தது.

"அய்யா, வலியில்லாதவங்க படுத்தே கிடக்கலாமா?" என்று குழுத்தலைவரிடம் கேட்டான் இருளப்பன். "எழுந்து நின்னு டாக்டருக்குக் கைதட்டச் சொல்லுங்க."

தலைவர் சொன்னார். ஒருவன் மட்டும் கட்டிலைப் பிடித்துப் பாதி எழுந்து, "அம்மா!" என்று சாய்ந்தான். மற்றவர்களால் அசையவே முடியவில்லை.

"நாயே!" என்று இருளப்பன் மேல் பாய்ந்தார் டாக்டர்.

"அறுத்தது நீங்க. கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போறது இவங்க வீட்டுச் சனம். மார்க்கை அவங்க போடட்டும்," என்றான் இருளப்பன்.