சூடம் அணைத்த கை

ஒரே மனிதர், ஒரே காரியத்தில், இரண்டு சொல் சொன்னார். ஒன்றைக் காத்தால் மற்றது பொய்யாகும். அதில் சிக்கித் தவித்தாள் பேச்சியம்மாள்.

அவள் கணவர் இசக்கியப்பன் மண்டியில் வாழைத்தார் ஏலம் விடுகிறவர். ஈரல் சுருங்கிவிட்டது. ஈரல் கழிக்காத நஞ்சு மூளைக்கு ஏறாமலிருக்க, தினமும் ஒரு மருந்து குடிக்க வேண்டும். குடித்தால் வயிறு நாலைந்து முறை போகும். குலசாமி கோயில் கொடைத் திருவிழா வந்தது. "அத்தன சனத்துக்கு முன்னால சொம்பத் தூக்கிட்டு ஓடச் சொல்லுதியா?" என்று கொடை முடியும்வரை அவர் மருந்தைத் தொடவில்லை.

கடைசி நாள் காலை, மனைவியைச் சன்னதிக்கு அழைத்தார். நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் அன்று பூப்போல இருந்தது.

"பேச்சி, உலகம்ம தன் ஈரல்ல பாதி தாரேன்னு நிக்கா. எனக்காக எம்மக வயித்துல கத்தி படப்பிடாது. சூடத்த அணச்சு சத்தியம் பண்ணு."

சூடத் தட்டை நீட்டிய அவர் கை மணிக்கட்டில் துவண்டு விழுவதும் எழுவதுமாக இருந்தது. பாசத்தில் நடுங்குகிறார் என்று அவள் கண் கலங்கினாள். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்தாள்.

மறுநாள் அவருக்கு நினைவு தப்பியது.

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுத்தம் செய்து, மருந்து கொடுத்து, மீட்டார்கள். "ஒருமுறை மூளை இப்படிக் கலங்கிட்டா, ஈரல மாத்தாம ஒரு வருஷம் தாண்டுறவங்க பாதிப் பேர்கூட இல்லம்மா. உறுப்பு தானத்துக்கு அனுமதி குடுக்கிற கமிட்டி முன்னால நீங்களும் சம்மதம் சொல்லணும்" என்றார் டாக்டர்.

கட்டிலில் இசக்கியப்பன் இட்லி ஆறிவிட்டதென்று நர்ஸை வைதுகொண்டிருந்தார். மனைவியைக் கண்டதும் குரல் இன்னும் ஏறியது.

"ஏட்டி, என்ன முழிக்கே? பிள்ள தாரேங்கா. எனக்குச் சாக மனசில்லட்டி. போய்ச் சரின்னு சொல்லு!"

பேச்சியம்மாள் மகளை வெளியே இழுத்து வந்தாள். "மூள கலங்கிப் பேசுதாவ. தெளிஞ்ச மனுசன் பெத்த பிள்ளைய அறுக்கச் சொல்லுவாவளா? சாமி முன்னால பண்ணின சத்தியம். நான் வரமாட்டேன்."

"எனக்கு இருபத்தாறு வயசும்மா. குடுக்கது நான். கேக்கது அப்பா. நடுவுல உன் சூடம் என்னத்துக்கு?" என்றாள் உலகம்மை.

கமிட்டி அறைக் கதவு திறந்தது. பேச்சியம்மாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

வாசகரே, சத்தியத்தைக் காக்க நின்ற தாய், மீறச் சொன்ன மகள்: இதில் யார் பக்கம் நியாயம்?

விடை: மகள் பக்கம். சத்தியம் கேட்ட நாளில் மருந்து உள்ளே போகவில்லை. கை துவண்டது பாசத்தால் அல்ல. மூளை மங்குவதன் அடையாளம் அது. அந்தச் சாந்தமும் அப்படியே. வயிறு சுத்தமாகி, வழக்கம்போல வைதவர்தான் தெளிந்த இசக்கியப்பன். மங்கிய மனம் வாங்கிய சத்தியம் யாரையும் கட்டாது. டாக்டர் இதையெல்லாம் விளக்கியபோது பேச்சியம்மாள் கேட்டுக்கொண்டாள். "புரியுதுய்யா. ஆனா அன்னைக்கு ஒரு நாளுதான் அவுக தகப்பனாப் பேசினாவ" என்று சொல்லிவிட்டு, சம்மதம் சொல்ல எழுந்தாள்.