ஆமைக்காகக் கிடந்த கட்டை

கூழாங்காட்டில் ஒரு சுனை இருந்தது. கோடையில் ஓடைகள் எல்லாம் வற்றிப்போனாலும் அந்தச் சுனை மட்டும் வற்றாது. அதற்குப் போக ஒரே வழிதான். இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு; ஒரு நேரத்தில் ஒரு மிருகம்தான் நுழைய முடியும். நுழைந்துவிட்டால் பயமில்லை. ஏனென்றால் இடுக்கின் வாயில் கரியன் என்ற கரடி காவல் இருந்தது. அதைத் தாண்டிச் சிறுத்தையோ செந்நாயோ உள்ளே போனதில்லை.

இடுக்கின் வாயிலேயே ஒரு பாறைப் படி. மானும் முயலும் அதைத் தாவிவிடும். ஆமையால் முடியாது. அதனால் படியின் மேல் ஒரு கனத்த மரக்கட்டை சாய்ந்து கிடந்தது. ஆமை அதில் ஊர்ந்து ஏறும், ஊர்ந்து இறங்கும். ஆனால் குளம்புக் கால்களுக்கு அந்தக் கட்டை வழுக்கும். ஒரு காட்டுப்பன்றி அதில் காலை ஒடித்துக்கொண்டு படாத பாடு பட்டது.

ஆகவே ஒரு வழக்கம் இருந்தது. யார் வந்தாலும் கரியன் கத்தும்.

“நில்லு! திரும்பு! முதுகைக் காட்டு!”

கரடிக்குக் கண் மங்கல். முதுகை நகத்தால் தட்டித்தான் பார்க்கும். ‘டொக்’ என்று கேட்டால் ஆமை, கட்டை கிடக்கட்டும். ‘பொத்’ என்று கேட்டால் வேறு மிருகம். கரியன் கட்டையைத் தூக்கி ஓரம் வைக்கும். வந்தது தாவிப் போனதும் மறுபடி சாய்த்துவைக்கும். அடுத்து வருவது ஆமையாக இருந்துவிட்டால்? தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வரும்போதும் இதே கூத்துதான்.

இந்த வழக்கம் கரியனின் முப்பாட்டன் காலத்தில் வந்தது. அப்போது காட்டில் கால் வைக்கும் இடமெல்லாம் ஆமை. இப்போது மிஞ்சியிருப்பது ஒரே ஓர் ஆமை. அதன் பெயர் ஓட்டாயி. தூரத்துக் குட்டையில் கிடக்கும். குட்டை காய்ந்தால்தான் சுனைப்பக்கம் வரும். போன கோடையில் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. ஆனாலும் கரியன் யாரையும் தட்டாமல் விட்டதில்லை. முள்ளம்பன்றியைத் தட்டிவிட்டு நாள் முழுக்கக் கையை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்போதாவது புத்தி வந்ததா? இல்லை!

“அண்ணே, நான் தினமும் வர்றவ. என்னைத் தெரியலையா?” என்று செம்பி என்ற புள்ளிமான் கேட்கும்.

“தெரியுது செம்பி. முதுகைக் காட்டு.”

“என்னைப் பார்த்தா ஆமை மாதிரியா இருக்கு?”

“வழக்கம்னா வழக்கம்தான்! திரும்பு!”

செம்பி பெருமூச்சு விட்டுத் திரும்பும். அதற்கு ஒரு கன்று இருந்தது. பிறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. “கரடி மாமா ‘நில்லு’ன்னு சொன்னா நிக்கணும். ‘திரும்பு’ன்னு சொன்னா திரும்பணும்” என்று செம்பி அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. கன்றும் ஒழுங்காகத் திரும்பி நிற்கும். அது சமர்த்தாக நிற்பதைப் பார்க்கக் கரியனுக்குக் கொள்ளை ஆசை. அதன் முதுகை மட்டும் மெதுவாகத் தட்டும்.

அந்த வருடம் கோடை கொடுமையாக இருந்தது. பக்கத்து மலையிலிருந்து ஒரு சிறுத்தை வந்து சேர்ந்தது.

ஒருநாள் சாயங்காலம் மான்கூட்டம் இடுக்கின் முன்னே வரிசையில் நின்றது. காற்றில் சிறுத்தை வாடை வந்தது.

“அண்ணே, சீக்கிரம்!” என்று செம்பி கதறியது.

கரியனும் பதறியது. ஆனால் பழகிய கை பழகியதைத்தான் செய்தது. தட்டியது, தூக்கியது, சாய்த்தது. மறுபடி தட்டியது, தூக்கியது, சாய்த்தது. செம்பி கன்றைத் தனக்கு முன்னே தள்ளிவிட்டது.

“நில்லு! திரும்பு!”

கன்று நின்றது. சொன்னபடி திரும்பி முதுகைக் காட்டியது. ‘பொத்’ என்று கேட்டது. கரியன் குனிந்து கட்டையைத் தூக்கியது. கரடியின் இரண்டு கையிலும் கட்டை இருப்பதைப் புதரிலிருந்து சிறுத்தை பார்த்துக்கொண்டது.

கரியன் கட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கன்று நின்ற இடத்தில் கன்று இல்லை.

மறுநாள் காலை மிருகங்கள் எல்லாம் பாறைக்கு முன்னே கூடின. நரிதான் முதலில் பேசியது.

“யாருக்காக இந்தக் கட்டை? ஒரு கிழட்டு ஆமைக்காக! இதைத் தூக்கிப் பள்ளத்துல வீசுங்க! இனிமே ஆமைக்கு வழியும் கிடையாது, தண்ணியும் கிடையாது!”

“ஆமா! வீசுங்க!” என்று மற்றவையும் கத்தின. தண்ணீர் கிடைக்காமல் ஆமை சுருண்டால் அதைத் தின்னப்போவது யார் என்று அவை யோசிக்கவில்லை. நரி அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஓட்டாயி வந்தது. குட்டை காய்ந்துவிட்டது. கழுத்துத் தோல் வறண்டு வெடித்திருந்தது. நடந்ததைக் கேட்டதும் அதன் தலை தரையில் சாய்ந்தது.

“நான் வர்றப்ப கட்டை கிடக்கும். ஏறிப் போவேன், இறங்கி வருவேன். நான் வராத நாள்லயும் அது கிடக்குதுன்னு எனக்குத் தெரியவே தெரியாதே! என்னாலயா அந்தப் பிள்ளை போச்சு?”

கரியனுக்கு நெஞ்சில் யாரோ அடித்தது போலிருந்தது. உண்மைதானே! கட்டையை எப்போதும் போட்டுவை என்று ஆமை கேட்டதா? எல்லோரையும் தட்டிப் பார் என்று ஆமை சொன்னதா?

“உன்னால இல்ல ஆயி. என்னாலதான்” என்றது கரியன்.

எல்லா மிருகங்களும் செம்பியைப் பார்த்தன. செம்பியின் கண் வீங்கியிருந்தது.

“ஆயிக்குத் தண்ணி கொடுக்கலேன்னா என் குட்டி திரும்பி வந்துடுமா? அதைக் குடிக்க விடுங்க” என்றது.

கரியன் எழுந்தது. கட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வெளிப்பாறையில் சாய்த்தது.

“கேட்டுக்குங்க! இனிமே கட்டை இங்கதான் இருக்கும். யார் முதுகையும் நான் தட்ட மாட்டேன். வர்றவங்க நிக்காம உள்ள போகலாம், நிக்காம வெளிய வரலாம். ஆயி, நீ வந்தா உன் ஓட்டால இந்தப் பாறையில தட்டு. நான் கட்டையைப் போடறேன். நீ குடிச்சு முடிச்சு வெளிய வந்ததும் எடுத்துடறேன்.”

நரி விடவில்லை. “ஆமை உள்ள இருக்கறப்ப மான் ஓடி வந்தா?”

“‘கட்டை கிடக்கு!’ன்னு நானே கத்துவேன். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் பார்த்து வரட்டும்.”

“ஆமை போனப்புறம் எடுக்க மறந்துட்டா?”

“ஆயி வெளிய வர்றவரைக்கும் கட்டைப் பக்கத்தைவிட்டு நகர மாட்டேன். கட்டையைக் கையால எடுத்து வெச்சுட்டுத்தான் மறுவேலை. போதுமா?”

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டியது.

ஓட்டாயி தன் ஓட்டைப் பாறையில் மோதியது. ‘டொக், டொக்!’ கரியன் கட்டையைப் போட்டது. ஆமை மெல்ல ஏறியது; வயிறாரக் குடித்தது; மெல்ல இறங்கியது. அது வெளியே காலை வைத்ததும் கரியன் கட்டையை எடுத்துவிட்டது. அவ்வளவுதான் வேலை! இதற்கா இத்தனை தலைமுறைக் கரடிகள் முதுகு ஒடியத் தூக்கிக்கொண்டிருந்தன?

சில நாள் கழித்துச் சிறுத்தை மறுபடி வந்தது. பட்டப்பகலில் மான்கூட்டத்தைத் துரத்திக்கொண்டு வந்தது. மான்கள் இடுக்குக்குள் பாய்ந்தன. யாரும் நிற்கவில்லை. கடைசியில் வந்தது செம்பி. இடுக்கின் வாய்க்கு வந்ததும் அதன் கால்கள் பழக்கத்தில் நின்றுவிட்டன. திரும்பி முதுகைக் காட்டியது!

“நிக்காதே செம்பி! ஓடு!” என்று கரியன் அலறியது.

செம்பி படியைத் தாவியது. கரியன் பின்னங்காலில் எழுந்து நின்றது. இப்போது அதன் இரண்டு கையும் காலி. அது உறுமிய உறுமலில் பாறை அதிர்ந்தது. சிறுத்தை வந்த வழியே ஓடியது. பிறகு அந்தக் காட்டில் அதை யாரும் பார்க்கவில்லை.

எல்லா மான்களும் தண்ணீர் குடித்தன. செம்பி மட்டும் குடிக்கவில்லை. கரியன் அருகில் போய் நின்றது.

“அண்ணே, ‘நிக்காதே, ஓடு’ன்னு இப்ப சொன்னியே…” கன்று நின்ற இடத்தைச் செம்பி பார்த்தது. “அன்னைக்கு என் குட்டிகிட்டயும் இதைச் சொல்லியிருக்கலாமே!”

கரியன் தலையைக் குனிந்துகொண்டு அழுதது.

எப்போதோ வரும் ஒருவருக்கு வேண்டியதை அவர் வரும்போது செய்து, அவர் போனதும் எடுத்துவைக்க வேண்டும். அதை எந்நேரமும் எல்லோர் மேலும் சுமத்தினால், ஒரு பாவமும் அறியாத உயிர்தான் அதற்குப் பலியாகும்.